காணாதவருக்குக் கொடுத்த வாக்கு

உறுப்புகள் யாவும் ஒவ்வொன்றாக மாறி, உருவமும் மாறி, இருந்த இடமும் மாறிய பின்னர், எஞ்சி நிற்கும் ஒன்றைப் பழைய பொருளே என்று எந்த நியாயத்தினால் அழைக்கிறோம் என்னும் வினா, நம் நாட்டுத் தரிசனங்கள் யாவற்றிலும் ஏதேனும் ஒரு கோலத்தில் எழுந்து, வாதப் பிரதிவாதங்களை வளர்த்து, இன்றளவும் அனைவரும் ஒப்பும் முடிவு காணாமல் நிற்பதாகும். சரீரம் மாறினாலும் அதனுள் உறையும் ஆன்மா மாறுவதில்லை என்றனர் ஆத்திகர்; அப்படி உறைவது ஒன்றும் இல்லை, கணந்தோறும் தோன்றி அழியும் நிகழ்ச்சிகளின் தொடரையே நாம் ஒரு பொருள் என்று மயங்குகிறோம் என்றனர் பௌத்தர். இவ்வாதங்கள் மடங்களோடும் பிக்ஷு சங்கங்களோடும் முடிந்து போயின என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில், ஒரு பெரிய ஸ்தாபனம் தன் இணையதளத்தைப் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாற்றத் துணியும்போது, அதே வினா, தத்துவம் என்ற பெயரைச் சிறிதும் பூணாமல், செலவுக் கணக்கும் காலக் கெடுவுமாக உருக்கொண்டு அதிகாரிகளின் மேசைமீது வந்து சேருகிறது.

இணையதள இடமாற்றம் என்று ஒரே சொல்லில் கூறிவிடுகிறோம். அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பது மிகப் பல. தளம் குடியிருந்த சர்வர் மாறுகிறது. அதை இயக்கிய மென்பொருள் மாறுகிறது. பக்கங்களின் தோற்றம், எழுத்துரு, நிறம் எல்லாம் மாறுகின்றன. பல்லாண்டுகளாகப் பலர் எழுதிச் சேர்த்த உரைகள் சுருக்கப்படுகின்றன, சில நீக்கப்படுகின்றன. எது எதன் கீழ் அடங்கும் என்ற வரிசை முறையே தலைகீழாகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய முகவரி மாறுகிறது. மாறிய பிறகு இரண்டு குரல்கள் எழுகின்றன. ஸ்தாபனத்துக்கு உள்ளே இருப்பவர், ‘இது நம்முடைய தளந்தானா?’ என்று கேட்கிறார். வெளியே இருப்பவர், ‘நேற்று இங்கே இருந்தது எங்கே?’ என்று கேட்கிறார். முதற் குரல் கூட்டங்களில் ஒலிக்கிறது, கடிதமாக வருகிறது, மேலதிகாரியின் கையொப்பத்தோடு வருகிறது. இரண்டாவது குரல் பெரும்பாலும் எவர் செவியிலும் விழுவதே இல்லை. இவ்விரண்டில் எது நம்மைக் கட்டுப்படுத்துவது, ஏன் கட்டுப்படுத்துவது என்பதே இங்கு நான் ஆராயப் புகுவது.

ஆராய்ச்சிக்கு ஓர் உண்மை நிகழ்ச்சி வேண்டும். பிரிட்டிஷ் அரசாங்கம் 2010-க்கும் 2014-க்கும் இடையே செய்த மாற்றம் இதற்கு மிகவும் ஏற்றது. அதற்கு முன்பு, அந்நாட்டின் ஒவ்வோர் அமைச்சகமும், அதன் கீழ் இயங்கிய ஒவ்வொரு வாரியமும் முகமையும் தத்தமக்கென ஒரு தளம் வைத்திருந்தன; பொதுமக்களுக்கு என்று டைரக்ட்கவ் என்ற தளமும், வணிகர்களுக்கு என்று பிசினஸ் லிங்க் என்ற தளமும் தனித்தனியே இயங்கின. மார்த்தா லேன் ஃபாக்ஸ் 2010-இல் அமைச்சர் ஃபிரான்சிஸ் மாடுக்கு அளித்த அறிக்கை, சிறுகச் சிறுகத் திருத்துவது போதாது, அடியோடு மாற்ற வேண்டும் என்று கூறிற்று. அதன் விளைவாக 2011-இல் கேபினட் அலுவலகத்தின் கீழ் கவர்ன்மெண்ட் டிஜிட்டல் சர்வீஸ் என்ற அமைப்பு மைக் பிராக்கன் தலைமையில் உருவாயிற்று. சிறியதொரு குழு 12 வாரங்களில் ஒரு மாதிரித் தளத்தைச் சமைத்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. 2012 அக்டோபர் 17 அன்று கவ்.யூகே என்ற ஒரே தளம், டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் இரண்டின் இடத்தையும் ஏற்றது. 2013 நடுப்பகுதிக்குள் 24 அமைச்சகங்களும், 2014 இறுதிக்குள் 300-க்கு மேற்பட்ட முகமைகளும் வாரியங்களும் அதனுள் வந்து சேர்ந்தன. லண்டன் டிசைன் மியூசியம் 2013-ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு என்ற விருதையும் அதற்கு அளித்தது. பிரிட்டிஷ் சாலைப் பலகைகளின் எழுத்துகளை ஜாக் கின்னீருடன் சேர்ந்து வடித்த மார்கரெட் கால்வர்ட், அவ்வெழுத்துகளின் புதிய வடிவத்தை இத்தளத்துக்கு ஏற்பச் செப்பனிடுவதிலும் பங்கு கொண்டார் என்பது, அழகினும் தெளிவே முந்தியது என்று அக்குழுவினர் கருதியமைக்கு ஒரு சான்று.

இனி, அந்த 2012 அக்டோபர் 17-ஆம் நாள் காலையில் பழைய தளத்தினின்று புதிய தளத்துக்கு உண்மையில் எது சென்றது? சர்வர் செல்லவில்லை; மென்பொருள் செல்லவில்லை; பெரும்பாலான வாக்கியங்கள் திரும்ப எழுதப்பட்டன; பெயர்கூட மாறிவிட்டது. மிலிந்தன் என்ற யவன அரசனிடம் பிக்ஷு நாகசேனர், நீ ஏறி வந்த தேர் என்பது யாது, சக்கரமா, அச்சா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேரன்று என்று அவன் வாயாலேயே சொல்லச் செய்து, தேர் என்பது வழங்குவதற்கு வைத்த ஒரு பெயரேயன்றி வேறில்லை என்று நிறுவினார். இணையத்தை அமைத்தவர்களும் தம்மை அறியாமலே இக்கொள்கைக்கு இசைந்த ஏற்பாடு ஒன்றைச் செய்திருக்கின்றனர். பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்த பெயர் முறைமையின்படி, தளத்தின் பெயர் வேறு, அத்தளம் குடியிருக்கும் இயந்திரத்தின் எண் வேறு. பெயரை அப்படியே நிறுத்தி வைத்துக்கொண்டு, அது சுட்டும் எண்ணை மட்டும் ஓரிரவில் மாற்றிவிடலாம். அந்த மாற்றத்தை உலகெங்கும் உள்ள கணினிகள் விரைவாக அறிந்துகொள்ளும்படி, பழைய விடையை நினைவில் வைத்திருக்கும் கால அளவை முன்கூட்டியே குறைத்தும் வைக்கலாம். மறுநாள் வருகின்றவர் அதே பெயரைத் தட்டச்சு செய்து, வேறொரு கண்டத்தில் உள்ள வேறொரு இயந்திரத்தினின்று விடை பெறுகிறார். வேறுபாட்டை அவர் உணர்வதும் இல்லை.

நாகசேனருடைய வாதம் பொருளைப் பற்றிய அளவில் மறுக்க இயலாதது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அது ஓரிடத்தோடு நின்றுவிடுகிறது. தேர் என்பது வெறும் வழக்கு என்றாலும், அவ்வழக்கை நம்பி ஒருவன் ஏறி அமர்ந்துவிட்டான். அவனுக்கும் தேரோட்டிக்கும் இடையே ஒரு சம்பந்தம் உண்டாகிவிட்டது. சக்கரத்தை மாற்றலாம், அச்சை மாற்றலாம், குதிரையையும் மாற்றலாம்; ஏறியவனைச் சேரிடம் சேர்ப்பது என்ற கடமை இவற்றுள் எதனுடனும் கழன்று போவதில்லை. ஆகவே, யாவும் மாறியபின் எது மாறாமல் இருக்கிறது என்ற பழைய கேள்விக்கு, குறைந்தபட்சம் ஸ்தாபனங்களின் விஷயத்தில், என் விடை இது: முன்னே கொடுத்த வாக்கு மாறாமல் இருக்கிறது. பொருளின் ஒருமை பொருளுக்குள்ளே இல்லை. அதை நம்பியவருக்கும் அதற்குமிடையே உள்ளது.

இதை ஒப்புக்கொண்டால், வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற கேள்வி உடனே எழும். அதிகாரிகளின் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போர் ஒவ்வொருவரும் தமக்கே கொடுக்கப்பட்டதாக நம்புகிறார்கள். அமைச்சகம் தன் இலச்சினையும் பெயரும் முன்போலவே தலைப்பில் விளங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பத்திரிகைத் தொடர்புப் பிரிவு, அமைச்சரின் நேற்றைய பேச்சு முதற்பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது. சட்ட ஆலோசகர், ஒவ்வொரு வாக்கியமும் அதன் விதிவிலக்குகள் அனைத்துடனும் நிற்க வேண்டும் என்கிறார். நிதிப் பொறுப்பாளர், ஆண்டு முடிவதற்குள் சிக்கனம் கணக்கில் தெரிய வேண்டும் என்கிறார். ஓர் அமைப்பு எதைப் படைத்தாலும் தன் உட்பிரிவுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையையே அப்படைப்பில் அச்சாக வார்த்துவிடும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். பெரிய ஸ்தாபனங்களின் பழைய தளங்களைப் பார்த்தவர்கள் இதைப் பிரத்யட்சமாகக் கண்டிருப்பார்கள். வாகன வரி கட்ட வந்த குடிமகன், அரசாங்கத்தில் எந்தத் துறை எந்தத் துறையின் கீழ் அடங்கும் என்பதை முதலில் பாடம் படித்துவிட்டே உள்ளே நுழைய வேண்டியிருந்தது. ஏனெனில் தளம் அவனுக்காகக் கட்டப்படவில்லை, துறைகள் தம் முகம் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகவே கட்டப்பட்டிருந்தது.

பிரிட்டிஷ் குழுவினர் தம் முதற் கோட்பாடாக வைத்தது, அரசாங்கத்தின் தேவையிலிருந்து தொடங்காமல் வந்து கேட்பவரின் தேவையிலிருந்து தொடங்குவது என்பதாகும். அரசாங்கம் மட்டுமே செய்யக்கூடியதை அரசாங்கம் செய்யட்டும், மற்றதை மற்றவர்க்கு விடட்டும் என்பது அடுத்தது. அதனால்தான், அரசுத் தளத்தில் இடம்பெற்றிருந்த தேனீ வளர்ப்புக் குறிப்புகள் கைவிடப்பட்டன. தேனீ வளர்ப்போரே அதை நன்றாகச் சொல்வார்கள் என்று விடப்பட்டது. விடுமுறை நாட்கள் பற்றிய பக்கத்தைத் திறப்பவர் பெரும்பாலும் அடுத்த விடுமுறை என்றைக்கு என்று அறியவே வருகிறார் என்பதால், அந்த ஒரு தேதி பெரிய எழுத்தில் முதலில் நிற்கிறது. பட்டியல் அதற்குக் கீழே வருகிறது. இவை மிகச் சிறிய காரியங்கள். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் பின்னே, ‘என் பக்கம் ஏன் போயிற்று?’ என்று கேட்கும் ஓர் அலுவலர் இருந்திருப்பார் என்பதை நாம் மறக்கலாகாது.

அந்த அலுவலரை இகழ்வது எளிது. இடமாற்றங்களை நடத்துவோர் பலர் அவரை முட்டுக்கட்டை என்றே எண்ணுகின்றனர். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. ஒரு துறையின் வழிகாட்டுக் குறிப்புகளைப் பத்தாண்டுகள் எழுதியும் திருத்தியும் பேணியும் வந்தவருக்கு, அப்பக்கங்கள் காகிதத்தைவிட மேலானவை. தம் உழைப்பு உலகின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். அது நீங்கினால் தம் பணியே நீங்கிற்று என்று அவர் அஞ்சுகிறார். அவருடைய எதிர்பார்ப்பில் அகங்காரத்தின் சாயல் இருக்கலாம். அச்சமும், ஒருவகைப் பற்றுறுதியும், சில வேளைகளில் மெய்யான அறிவும்கூட இருக்கின்றன. கவ்.யூகேயிலும், துறைகளின் விரிவான ஆவணங்களை நாள்தோறும் கையாண்ட நிபுணர்கள் சிலர், தாம் பழகியவை சுருங்கியும் சிதறியும் போயின என்று முறையிட்டது உண்மை. அவர்கள் முறையீடு முழுதும் ஆதாரமற்றதும் அன்று. எதிர்பார்ப்புகளை ஆள்வது என்று நிர்வாக நூல்கள் கூறுவது, மனிதரை ஏமாற்றிச் சம்மதிக்க வைக்கும் கலை என்றால் அது அதர்மம். எதை எடுத்துச் செல்ல முடியும், எதை எடுத்துச் செல்ல முடியாது என்பதை உரிய காலத்தில், உரியவர் முகத்துக்கு நேரே, மயக்கமின்றிச் சொல்வது என்றால் அது தர்மம்.

இந்த இடத்தில் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறும் திருமூலர் வரலாறு என் நினைவில் எழுகிறது. கயிலையினின்று தென்னாடு வந்த சிவயோகியார் ஒருவர், காவிரிக் கரையில் மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதையும், அவன் மேய்த்த பசுக்கள் அவன் உடலைச் சூழ்ந்து கதறுவதையும் கண்டு, அவற்றின் துயரம் தீர்க்கும் பொருட்டுத் தம் சரீரத்தைப் பாதுகாப்பாக ஓரிடத்தில் வைத்துவிட்டு, மூலன் உடலில் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன, மாலையில் சாத்தனூரில் தத்தம் வீடுகளுக்குச் சென்றன. மூலன் மனைவியும் வந்தாள். தன் கணவன் வந்துவிட்டான் என்று அணுகினாள். உனக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று அவர் சொல்லி, ஒரு மடத்தில் போய்த் தங்கிவிட்டார். அவள் ஊராரிடம் முறையிட, அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகநிலையில் உள்ளவர், உன் கணவனாக இனி வாழார் என்று அவளுக்கு உரைத்தனர். மறுநாள் யோகியார் தம் பழைய உடலைத் தேடிச் சென்றார். அது வைத்த இடத்தில் இல்லை.

ஓர் இடமாற்றத்தின் முழு அறநெறியும் இக்கதையில் அடங்கியிருப்பதாகவே எனக்குப் படுகிறது. யோகியார் கூடு மாறியது தம் பொருட்டன்று. வாய் பேசாத பசுக்களின் பொருட்டு. அவற்றுக்கு வேண்டியது மேய்த்து வீடு சேர்க்கும் ஒருவன். அது முற்றும் நிறைவேறிற்று. மனைவி வேண்டியது அந்த உடலை அல்ல, அதில் வாழ்ந்தவனை. அதைத் தர அவரால் இயலாது. இயலாததை இயலும் என்று ஒரு நாளேனும் நடித்திருந்தால், கருணையால் தொடங்கிய செயல் வஞ்சனையில் முடிந்திருக்கும். முதல் மாலையிலேயே உண்மையைக் கூறினார். அவளுக்கு அது எவ்வளவு கொடியது என்பதையும் சேக்கிழார் மறைக்கவில்லை. பழைய உடல் மறைந்து போனது வேறொரு பாடம்: திரும்பிப் போகலாம் என்ற நம்பிக்கையில் புறப்பட்டவனுக்கு, திரும்பும் வழி அடைபட்டுவிடுவதும் உண்டு. இடமாற்றம் செய்வோர் பழைய தளத்தைச் சில மாதங்கள் உயிரோடு வைத்திருக்கிறோம் என்கிறார்கள்; ஆனால் புதிய தளத்தில் பதிவுகள் சேரச் சேர, பழையது பிணமாகிவிடுகிறது. அதை அறிந்தே புறப்பட வேண்டும். திருமூலர் அறிந்தபின் வருந்திக் கொண்டிருக்கவில்லை. திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் அமர்ந்து, கிடைத்த உடலோடு திருமந்திரத்தைச் செய்தார்.

பசுக்களின் இடத்தில் இன்று நிற்பவர் யார்? இணையத்தில் ஒரு பக்கத்தை வெளியிடும்போது, அதன் முகவரியை உலகுக்குக் கொடுக்கிறோம். அதை ஒருவர் குறித்து வைத்துக்கொள்கிறார். ஓர் ஆசிரியர் தம் பாடக்குறிப்பில் எழுதுகிறார். ஒரு மருத்துவமனை தன் துண்டறிக்கையில் அச்சிடுகிறது. ஒரு நீதிபதி தம் தீர்ப்பின் அடிக்குறிப்பில் சேர்க்கிறார். இவர்களில் எவரையும் நமக்குத் தெரியாது. இவர்கள் நம் கூட்டங்களுக்கு வரமாட்டார்கள். வைய விரிவு வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இல் ஒரு சிறு கட்டுரை எழுதி, நல்ல முகவரிகள் மாறுவதில்லை, அவை தாமாக மாறுவதும் இல்லை, மனிதர்கள்தாம் அவற்றை மாற்றுகின்றனர் என்று வற்புறுத்தினார். அவர் சொல்லை உலகம் கேட்கவில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில், 1997-க்குப் பின் ஒரு பத்தாண்டுக் காலத்தில் சுட்டப்பட்ட இணைய முகவரிகளை 2007 வாக்கில் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவை செயலற்றுப் போயிருந்தன. அமைச்சர் ஒருவர் அவையில் எழுந்து, விவரம் இன்ன இடத்தில் உள்ளது என்று சொன்ன சொல், சில ஆண்டுகளில் பொருளற்ற ஓசையாயிற்று. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டப்பட்ட முகவரிகளிலும் ஏறத்தாழப் பாதி, தீர்ப்பு எழுதப்பட்டபோது காட்டியதைக் காட்டவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர்கள் 2013 வாக்கில் கண்டறிந்தனர். சட்டத்தின் அடித்தளமே அடிக்குறிப்பில் நிற்கும்போது இது எளிய விஷயம் அன்று.

வாக்குக் காத்த பெரியோரைப் பற்றி நம் புராணங்கள் நிறையக் கூறுகின்றன. ஆனால் மகாபலியின் முன் வாமனன் கைநீட்டி நின்றான். அரிச்சந்திரனை விசுவாமித்திரர் அடிதோறும் தொடர்ந்து வந்து கேட்டார். கேட்பவர் எதிரே நிற்கும்போது வாக்கைக் காப்பதற்குப் பெருந்தன்மை வேண்டும். கேட்கவே வராதவருக்கு, பெயர் தெரியாதவருக்கு, ஏழாண்டுகள் கழித்து ஒரு நள்ளிரவில் வந்து பார்க்கக்கூடிய யாரோ ஒருவருக்குக் காப்பதற்கு வேறொன்று வேண்டும். அதற்கு நம் இலக்கியத்தில் தனிப்பெயர் இல்லை. ஆயினும் அதுவே தர்மத்தின் நுண்ணிய பகுதி என்பது என் துணிபு. அஞ்சியோ புகழ் வேண்டியோ அதைச் செய்ய முடியாது. செய்யாவிட்டாலும் கேட்பார் இல்லை.

பிரிட்டிஷ் குழுவினர் செய்தவற்றுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, விருது பெற்ற வடிவமைப்பு அன்று. எவர் கண்ணுக்கும் தெரியாத ஒரு பட்டியல். டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் தளங்களில் இருந்த முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதைத் தேடி வருபவர் இனி எங்கே போக வேண்டும் என்று எழுதினார்கள். புதிய தளத்தில் அதற்கு ஈடான பக்கம் இருந்தால், 301 என்ற குறியீட்டுடன் வந்தவரை அங்கே கொண்டு சேர்ப்பார்கள். நிலையாக இடம் மாறிற்று என்பது அதன் பொருள். ஈடான பக்கம் இல்லையென்றால், 410 என்ற குறியீட்டுடன், இது நீக்கப்பட்டது என்று தெளிவாகச் சொல்லி, லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய பிரதிக்கு வழியும் காட்டுவார்கள். எழுதியபடி ஒவ்வொரு முகவரியும் செல்கிறதா என்று இயந்திரத்தைக் கொண்டு திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். பின்னர் முகமைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோதும் இப்பணி தொடர்ந்தது.

இதில் வாய்மையின் படிநிலைகள் சில உள்ளன. 404 என்ற குறியீட்டை அறியாதவர் இன்று அரியர். தேடியது கிடைக்கவில்லை என்று மட்டும் அது கூறும். இருந்ததா, போயிற்றா, தேடியவர் பிழையா என்று ஒன்றும் கூறாது. அது மௌனம். 410 கூறுவது, இருந்தது, நாங்களே எடுத்துவிட்டோம் என்பது. தம் செயலைத் தாமே ஒப்புக்கொள்ளும் அந்த மொழி, ஸ்தாபனங்களின் வாயில் எளிதில் வருவதன்று. 301 கூறுவது, வாருங்கள், இங்கே இருக்கிறது என்பது. இம்மூன்றினும் கீழானது ஒன்றுண்டு. உழைப்பை மிச்சப்படுத்தும் பொருட்டுப் பழைய முகவரிகள் அனைத்தையும் புதிய தளத்தின் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது பல ஸ்தாபனங்களில் வழக்கமாயிருக்கிறது. ஓய்வூதிய விதியைத் தேடி வந்தவர், தலைவரின் படமும் வரவேற்புரையும் கண்டு, தாம் எங்கோ தவறிவிட்டதாக எண்ணித் திரும்புகிறார். கணக்கேட்டில் பிழை எதுவும் பதிவாவதில்லை. முகவரிகள் யாவும் உயிரோடு இருப்பதாக அறிக்கையும் எழுதலாம். இது பொய், மௌனத்தைவிடப் பெரிய பொய். தேடுபொறிகளே இதைக் கண்டுபிடித்து, பக்கம் இல்லை என்றே கணக்கிடுகின்றன. மனிதர் மட்டும் அதை வெற்றி என்று எழுதிக்கொள்ளலாகாது.

இவ்வளவு பிரயாசை எதற்கு, உலகில் எதுதான் நிலையாய் நின்றது, சாம்ராஜ்யங்களே மண்ணாயின, ஒரு முகவரி அழிந்தால் என்ன என்று வினவுவார் உண்டு. நிலையாமையை நம் முன்னோர் பாடியதுபோல் வேறு எவரும் பாடியதில்லை. அதை நான் மறுக்கத் துணியேன். யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸ் தளத்தை மூடியபோது, எண்ணற்ற எளிய மனிதர்கள் தம் கையால் கட்டிய பக்கங்கள் மறைந்தன, தன்னார்வலர்கள் ஓடிச் சென்று ஒரு பகுதியைக் காத்தனர், எஞ்சியது போயிற்று. ஆம், போகும். ஆனால் நிலையாமையைப் பாடிய அதே சான்றோர், ஆதலால் கடன் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாம் என்று பாடவில்லை. செல்வம் நில்லாது, ஆதலால் உள்ளபோதே அறம் செய் என்றுதான் கூறினர். பொருளின் அநித்தியம் கடமையை நீக்குவதில்லை; அதை அவசரமாக்குகிறது. என்றும் இருக்கும் என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லை. இருக்கும்வரை காட்டுவோம், எடுத்தால் சொல்லிவிட்டு எடுப்போம், எடுத்ததை எங்கே வைத்தோம் என்றும் சொல்வோம் என்பது எந்த மனிதரும் காக்கக்கூடிய வாக்கே.

ஜெனீவா நகரின் அருகே செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பெர்னர்ஸ்-லீ அமைத்து 1991-இல் உலகுக்குத் திறந்த முதல் இணையதளமும் இடையில் காணாமற்போய், 2013-இல் அந்நிலையத்தாரால் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் நிறுவப்பட்டது. பழம்பொருட்காட்சியில் வேறு பெயரில் வைத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அன்று அந்த முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தவர் இன்று அதைத் தட்டச்சு செய்தாலும், அப்பக்கத்தின் பழைய பிரதியை அடைகிறார்.

காணாதவரின் குரலைக் கேட்பது எப்படி என்பது மட்டும் எஞ்சுகிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டி வைத்தான். வாயில்லாப் பசு அதை இழுத்தது. அரசன் எழுந்து வந்தான். ஒவ்வொரு சர்வரும், தன்னிடம் வந்து வெறுங்கையோடு திரும்பியவரின் கணக்கை நாள், நேரம், தேடிய முகவரி உட்பட ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறது. மணி தானாகவே கட்டப்பட்டிருக்கிறது, இழுக்கவும் படுகிறது, எழுந்து வரவேண்டியவர்தாம் பல இடங்களில் இல்லை. இடமாற்றம் முடிந்த மறுநாள் விழா நடக்கிறது, ஒப்பந்தக்காரர் போய்விடுகிறார், குழு கலைகிறது, பதிவேடு நிறைந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே இத்தகைய பணியை இனி ஏற்கப்போகும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இது. முதற் கூட்டத்திலேயே, எந்தத் துறையையும் சாராமல், வரப்போகும் அந்நியர் சார்பில் மட்டும் பேசுவதற்கென ஒருவரை நியமியுங்கள். அவர் சொல்லுக்கு அமைச்சகத்தின் சொல்லுக்கு நிகரான எடை கொடுங்கள். நீக்கப்போகும் பக்கங்களின் பட்டியலை அவற்றை எழுதியவர்களுக்கு முன்னதாகவே காட்டி, காரணத்தையும் எழுத்தில் கொடுங்கள். பழைய முகவரிகளின் பட்டியலைத் திட்டச் செலவின் கடைசி வரியாக வைக்காமல் முதல் வரியாக வையுங்கள். பழைய பெயருக்கு ஆண்டுதோறும் கட்டவேண்டிய கட்டணம் மிகச் சொற்பம். திட்டம் முடிந்ததென்று அதை நிறுத்திவிடாதீர்கள், ஏனெனில் நீங்கள் விட்ட பெயரை வேறொருவர் வாங்கி, உங்களை நம்பி வருபவரிடம் உங்கள் பெயராலேயே எதையும் விற்கலாம். குழு கலைந்த பின்னரும் அந்தப் பதிவேட்டை வாரந்தோறும் திறந்து படிக்கும் பொறுப்பை, பெயர் குறிப்பிட்டு ஓர் அலுவலரிடம் ஒப்படையுங்கள்.